பழைய மோட்டார்ஹோம் கூரையில வென்ட் ஃபேன் மாட்டுறது: ஃபேனை விட ஓட்டையைத்தான் கவனிக்கணும்

மோட்டார்ஹோம்ல, அதாவது உள்ளயே சமைச்சு படுத்துக்கிட்டு பயணம் போற வண்டியில, கூரை ஓட்டை வழியா காத்தை வெளிய தள்ளுற வென்ட் ஃபேன் மாட்டணும்னு நினைக்கிற எல்லாருமே முதல்ல எந்த ஃபேன் நல்லது, எவ்ளோ காத்து இழுக்கும், ரிமோட் இருக்கான்னுதான் பாப்பாங்க, நானும் அங்கிருந்துதான் ஆரம்பிச்சேன். வேலையை முழுசா முடிச்சுட்டு சொல்றேன், பழைய வண்டியில ஃபேனை எடுத்து ஓட்டையில வச்சு முடுக்குறது கொஞ்ச நேர வேலை. அந்த ஓட்டையைச் சுத்தி இருக்கற மரம் நல்லா இருக்கா, மழைத்தண்ணி உள்ள இறங்காம இருக்குமா, இந்த ரெண்டுக்குத்தான் நம்ம நேரமும் கவனமும் போகணும். அதனால ஃபேனைப் பத்தி கம்மியாவும் கூரையைப் பத்தி நிறையவும் எழுதுறேன்.

நாங்க இருக்கறது டெக்சஸ்ல, சான் அன்டோனியோ பக்கம். வண்டி 1994 மாடல் கிளாஸ் சி, ஃபோர்ட் ஈ-350 சேஸி மேல 24 அடிக்கு வீடு கட்டினது, 7.5 லிட்டர் வி8 இன்ஜின், பெட்ரோல் குடிக்கும் ஆனா மலை ரோட்டுல அசராம ஏறும். கூரையில ஒரு ஏசி இருக்கு, அது கரன்ட் கனெக்‌ஷன் இருக்கற கேம்ப்கிரவுண்ட்ல மட்டும்தான் உதவும். 13,500 பிடியு ஏசி ஓடும்போது ஆயிரத்து சொச்சம் வாட்ஸ் இழுக்கும், 100 ஆம்ப் அவர் லெட் ஆசிட் பேட்டரியில பாதிக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு கணக்கு, அப்படின்னா 12 வோல்ட்ல 50 ஆம்ப் அவர், அதாவது 600 வாட் அவர்தான் கையில இருக்கு, ஏசி போட்டா அரை மணி நேரம்கூட தாங்காது. சரி ஜெனரேட்டர் ஓட்டலாமேன்னா, நாங்க விரும்பிப் போற பிக் பெண்ட் நேஷனல் பார்க்ல காட்டன்வுட் கேம்ப்கிரவுண்ட்ல ஜெனரேட்டர் ஓட்டவே அனுமதி கிடையாது, அதனாலதான் அங்க அவ்ளோ அமைதியா இருக்கும். ரியோ கிராண்டே ஆத்தோரம், பெரிய பெரிய காட்டன்வுட் மரங்க, எதிர்ல பாத்தா மெக்சிகோ. ஆனா ஏப்ரல்லயே பகல்ல 32, 33 டிகிரி சாதாரணம், வண்டிக்குள்ள அதுக்கும் மேல. ராத்திரி வெளிய 15 டிகிரி பக்கம் இறங்கிரும், உள்ள மட்டும் சுவரும் மெத்தையும் பகல் சூட்டைப் பிடிச்சு வச்சுக்கிட்டு நடுராத்திரி வரைக்கும் விடாது. வெளிய குளிர்ந்த காத்து சும்மா கிடக்கு, உள்ள வேர்த்துக்கிட்டு படுத்திருக்கோம், அந்தக் காத்தை உள்ள கொண்டு வர்றதுக்குத்தான் இந்த ஃபேன்.

இன்னொரு காரணம் சமையல். நம்ம தாளிப்புக்கு இந்த ஊரு வண்டிங்க செஞ்சது இல்ல. அடுப்பு மேல இருக்கற ஹூட் சும்மா முனகும், வத்தல் மிளகாயை எண்ணெயில போட்ட உடனே நெடி ஏறி எல்லாரும் இருமிக்கிட்டு கதவைத் திறந்து வெளிய ஓடணும், புகை அலாரம் வேற கத்தும். வீட்டுக்காரி பிக் பெண்ட் போனாலே வெளிய ஸ்டவ் வச்சுத்தான் தாளிப்பா, காத்தடிச்சா அதுவும் முடியாது.

எந்த ஓட்டை, எந்த ஃபேன்

புதுசா கூரையில ஓட்டை போடாதீங்க, பழைய வண்டின்னா கண்டிப்பா வேண்டாம். அமெரிக்க மோட்டார்ஹோம்ல வென்ட் ஓட்டை பெரும்பாலும் 14 இஞ்சுக்கு 14 இஞ்ச்தான், கூரை ஏசி உக்காந்திருக்கற ஓட்டையும் அதே அளவுதான், ஃபேன் கம்பெனிங்க எல்லாம் அந்த அளவுக்குத்தான் செய்றாங்க. எங்க வண்டியில பாத்ரூம்ல ஒண்ணு, கிச்சனுக்கும் பின்னாடி பெட்டுக்கும் நடுவுல ஒண்ணு இருந்துச்சு. பாத்ரூம்ல குட்டி ஃபேன் ஏற்கனவே இருக்கு, வயரும் இருக்கு, அதை மாத்துறதுதான் சுலபம்னு நிறைய பேர் சொன்னாங்க, ஆனா பாத்ரூம் கதவைச் சாத்திட்டா அந்த ஃபேனால மத்த இடத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. அதனால நடுவுல இருக்கற வென்ட்டைத்தான் எடுத்துக்கிட்டோம், அதுல ஃபேனும் கிடையாது வயரும் கிடையாது, கையால சுத்தித் திறக்கற பிளாஸ்டிக் மூடி மட்டும்தான், அதுவும் வெயில்ல காஞ்சு விரல்ல அழுத்துனா உடையற பதத்துல இருந்துச்சு. இங்க வசந்த காலத்துல ஆலங்கட்டி மழை வேற வரும், அந்த மூடி எப்படியும் தாங்கியிருக்காது.

ஃபேன்ல ஃபேன்டாஸ்டிக், மேக்ஸ்ஃபேன் இந்த ரெண்டு பேருதான் எல்லாரும் சொல்றது. நாங்க எடுத்தது மேக்ஸ்ஃபேன் டீலக்ஸ், மூடி திறந்திருக்கும்போதே மேல மழைக்கு மறைப்பு இருக்கு, மழையிலயும் ஓட்டலாம், அந்த ஒரு விஷயத்துக்காகவே அதை எடுத்தோம். பத்து ஸ்பீடு, காத்தை வெளிய தள்ளும், திருப்பிப் போட்டா உள்ள இழுக்கும். நாங்க வாங்கும்போது விலை 300 டாலர் பக்கம் ஆச்சு, சாதாரண மூணு ஸ்பீடு ஃபேன் அதை விட நல்லாவே கம்மி. மழை வந்தா எழுந்து மூட முடியும்னா கம்மி விலை ஃபேனே போதும், காத்து ரெண்டும் நல்லா இழுக்குது.

வாங்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் அளந்துக்குங்க. ஓட்டையோட அளவை உள்ள இருந்து நாலு பக்கமும் அளக்கணும், பழைய வண்டியில நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்னு நம்ப வேண்டாம். கூரையோட தடிமனை அளக்கணும், உள்பக்கம் வர்ற பிளாஸ்டிக் பிரேமை அதுக்குத் தகுந்த மாதிரி வெட்டித்தான் போடணும். மூணாவது, மேல ஏறி ஏசி, ஆன்டெனா, சோலார் பேனல் இதெல்லாம் எவ்ளோ தள்ளி இருக்குன்னு பாக்கணும், மேக்ஸ்ஃபேன் மாதிரி மறைப்போட வர்றது பழைய சதுர மூடியை விட நல்லா நீளம், திறக்கும்போது எதுலயும் இடிக்கக் கூடாது.

கூரை என்ன ரகம்னு தெரிஞ்சுக்கிட்டு ஏறுங்க

இதைத் தெரிஞ்சுக்காம பசை வாங்காதீங்க. எங்களது ஈபிடிஎம்னு சொல்ற ரப்பர் ஷீட், கையால தேச்சா சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டும், அதுதான் அடையாளம். டிபிஓன்னு இன்னொரு ரகம் இருக்கு, அது அப்படி பொடி விடாது. ஃபைபர்கிளாஸ்னா தட்டுனாலே கெட்டியா இருக்கும், தகரக் கூரையும் சில பழைய வண்டியில உண்டு. ரப்பர் கூரையில பெட்ரோலியம் சேர்ந்த எதையும் ஊத்திக் கழுவக் கூடாது, ரப்பர் ஊறி உப்பிக்கும். பசை வாங்கும்போது டப்பா மேல உங்க கூரை ரகத்துக்கு ஆகும்னு போட்டிருக்கான்னு படிச்சுட்டு வாங்குங்க, நாங்க வாங்குனது டைகார் கம்பெனியோட தானா பரவுற சீலன்ட்.

கூரையில நடக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. மேல இருக்கற பலகை மெல்லிசு, அடியில மரச்சட்டம் இருக்கற இடம் மட்டும்தான் பலமா இருக்கும். ஒரு பிளைவுட் துண்டை ரெண்டு மூணு சட்டத்துக்குக் குறுக்க வர்ற மாதிரி போட்டு அது மேல முட்டி போட்டு உக்காருங்க, நின்னுக்கிட்டு வேலை பாக்காதீங்க. காலையில பனி ஈரம் இருந்தா ரப்பர் வழுக்கும், மத்தியானம் வெள்ளைக் கூரை கண்ணைக் கூசும், ஈரம் காஞ்சதுக்கு அப்புறம் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பாக்கறதுதான் சரி. ஏணியை கீழ ஒருத்தர் பிடிச்சுக்காம ஏற வேண்டாம்.

மாமா தட்டிப் பாத்தது

அந்த சமயம் என் மாமனார் ஊருல இருந்து வந்திருந்தார், காரைக்குடிப் பக்கம் ரொம்ப வருஷம் மரவேலை பாத்தவர். நான் மேல பழைய பசையைச் சுரண்டிக்கிட்டு இருக்கேன், அவர் உள்ள நின்னுக்கிட்டு வென்ட்டைச் சுத்தி சீலிங்கை விரல் முட்டியால தட்டிக்கிட்டே வர்றார். மூணு பக்கம் டக்கு டக்குன்னு கேட்டது, முன்பக்க மூலைக்கு வந்ததும் சத்தம் அமுங்கிப் போச்சு. "மாப்ள, கொஞ்சம் கீழ இறங்கி வாங்க, இங்க சத்தம் மாறுது"ன்னார். சீலிங் பேப்பர் மேல பாத்தா ஒண்ணுமே தெரியல, லேசா ஒரு மஞ்சள் கறை, அதுவும் பழசுதான்னு நினைச்சு விட்டுருப்போம்.

வென்ட்டைக் கழட்டுனதும்தான் தெரிஞ்சுது. ஓட்டையோட ஓரத்துல மரச்சட்டம் சுத்தி வரும், புது ஃபேனோட ஸ்க்ரூ எல்லாம் அதுலதான் பிடிக்கணும். அந்த முன் மூலையில மரம் ஊறின ரஸ்க் மாதிரி ஆயிருந்துச்சு, ஸ்க்ரூடிரைவரை வச்சு அழுத்துனா கைப்பிடி வரைக்கும் போகுது, கருப்பா பொடிஞ்சு கொட்டுது. மேல இருந்து பாத்தா அந்த மூலையிலதான் முன்ன வச்சிருந்தவங்க வீட்டுக்குப் போடற சிலிகானை கனமா அப்பியிருந்தாங்க, அது ஒரு பக்கம் விட்டுப்போய் உரிஞ்சு நிக்குது, அதுக்கு அடியில தண்ணி வருஷக்கணக்கா போயிருக்கு. ரப்பர் கூரையில சிலிகான் சரியாப் பிடிக்காது, அதை விடப் பெரிய தொல்லை என்னன்னா சிலிகான் போட்ட இடத்துல அதுக்கப்புறம் வேற எந்தப் பசையும் ஒட்டாது, மிச்சம் மீதி இல்லாம சுரண்டி எடுத்தாத்தான் உண்டு. தயவுசெஞ்சு மோட்டார்ஹோம் கூரையில ஹார்ட்வேர் கடை சிலிகானைப் போடாதீங்க, கையில அதுதான் இருக்குன்னாலும் போடாதீங்க.

நான் அந்த இடத்துல மரம் இறுகுறதுக்கு ஊத்துற மருந்து வாங்கி ஊத்திட்டு மேல ஃபேனை மாட்டிரலாமான்னு கேட்டேன். மாமா ஒத்துக்கல. "ஸ்க்ரூ பிடிக்கறது மரத்தை நம்பித்தான் மாப்ள, மரமே இல்லாத இடத்துல எவ்ளோ பசை போட்டு என்ன பண்றது, கெட்ட வரைக்கும் வெட்டிருவோம்"னார். அவர் சொன்ன மாதிரியே நல்ல மரம் வர்ற வரைக்கும் வெட்டினோம், ஒரு பக்கம் முழுசும் இன்னொரு பக்கம் பாதியும் போச்சு. அதை விட முக்கியமா, வெட்டுன உடனே புது மரத்தை வைக்கல. சுத்தி இருக்கற பலகையும் ஃபோமும் ஈரமா இருந்துச்சு, உள்ள ஒரு டேபிள் ஃபேனை மேல பாத்து வச்சு, ஓட்டைக்கு மேல தார்ப்பாயை உயர்த்திக் கட்டி, கை வச்சா ஈரம் தெரியாத வரைக்கும் காய விட்டோம். ஈரத்தோட மூடுனா உள்ளயே இருந்து மறுபடி அழுகும். அப்புறம் பைன் மரத்துல பழைய சட்டத்தோட அளவுக்கே இழைச்சு, மரப்பசை வச்சு, பழைய நல்ல சட்டத்தோட ரெண்டு மூணு இடத்துல ஸ்க்ரூ போட்டு இணைச்சார். மேல ஏறி அந்த ஓரத்தை அழுத்துனா துளி அசையல.

உங்க வண்டியிலயும் புது ஃபேன் பெட்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க: உள்ள பிளாஸ்டிக் பிரேமைக் கழட்டிட்டு நாலு பக்கச் சட்டத்தையும் கூர்மையான எதையாவது வச்சு குத்திப் பாருங்க. கெட்டியா இருந்தா சந்தோஷம். மெத்துன்னு இருந்தா, மர வேலையை முதல்ல முடிங்க.

பழைய பசை எடுக்கறதுக்குப் பிளாஸ்டிக் சுரண்டிதான், இரும்பு வேண்டாம், ரப்பர் கிழிஞ்சா இன்னொரு வேலை சேரும். ஸ்க்ரூ எல்லாம் பசைக்குள்ள ஒளிஞ்சிருக்கும், மேல சுரண்டி ஒவ்வொண்ணா தலையைக் கண்டுபிடிச்சு எடுக்கணும், ஒண்ணை விட்டுட்டு நெம்பினா கூரையும் சேந்து தூக்கும். கெட்டிப்பட்ட இடத்துல ஹீட் கன்னை கம்மியா வச்சுக் காட்டினா இளகும். பழைய வென்ட்டுக்கு அடியில புட்டி டேப் (மாவு மாதிரி மெத்துன்னு இருக்கற அடைப்பு டேப்) போட்டிருந்தாங்க, அது காஞ்சு வெடிச்சு பொடியா வந்துச்சு. கடைசியா ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல துணியை நனைச்சு துடைச்சா சுத்தமாயிரும்.

கரன்ட்

ஃபேன் 12 வோல்ட் டிசி, முழு ஸ்பீடுலகூட சில ஆம்ப்தான். எங்க வென்ட்ல வயர் இல்லாததால ரெண்டடி தள்ளி இருந்த சீலிங் லைட்ல இருந்து எடுத்தோம். லைட் லைன்ல எடுக்கலாமா, தாங்குமான்னு ஒரு கேள்வி வரும். பழைய வண்டியில லைட்டுங்கள்ல 1141 நம்பர் பல்ப் இருக்கும், ஒரு பல்ப் 1.4 ஆம்ப் இழுக்கும், ஆறு பல்ப் எரிஞ்சா எட்டு ஆம்ப்புக்கு மேல போயிரும். நாங்க எல்லாத்தையும் எல்இடியா மாத்தியிருந்தோம், மொத்தமே ரெண்டு ஆம்ப் வராது, அதனால அந்த 15 ஆம்ப் ஃபியூஸ் லைன்ல ஃபேனுக்கு இடம் தாராளமா இருந்துச்சு. நீங்க இன்னும் பழைய பல்ப்தான் வச்சிருக்கீங்கன்னா முதல்ல அதை மாத்துங்க, பேட்டரிக்கும் நல்லது.

வேலை ஆரம்பிக்கும்போது வெளிக் கரன்ட் ஒயரைப் பிடுங்கணும், பேட்டரியோட மைனஸ் கனெக்‌ஷனையும் கழட்டணும், ரெண்டும் பண்ணணும். பேட்டரியை மட்டும் கழட்டிட்டு வெளிக் கரன்ட் செருகியே இருந்தா கன்வெர்ட்டர் (வெளிக் கரன்டை 12 வோல்ட்டா மாத்துற பெட்டி) மூலமா 12 வோல்ட் லைன்ல கரன்ட் இருந்துக்கிட்டேதான் இருக்கும்.

வயர் கலர்ல ரொம்ப கவனம். மோட்டார்ஹோமோட வீட்டுப் பகுதியில 12 வோல்ட் லைன்ல கருப்பு பிளஸ், வெள்ளை மைனஸ்னு நிறைய வண்டியில இருக்கும். கார் வேலை பழகின கைக்கு கருப்புன்னாலே மைனஸ்தான், அங்கதான் இடிக்கும். அது போதாதுன்னு இங்க 120 வோல்ட் வெளிக் கரன்ட் லைன்லயும் கருப்பும் வெள்ளையும்தான் வரும். கலரை நம்பாம, வயரைத் திறந்து வச்சுட்டு ஒரு தடவை கரன்ட் குடுத்து மல்டிமீட்டர்ல எது பிளஸ்னு பாத்து டேப் ஒட்டி எழுதி வச்சுட்டு, மறுபடி கரன்டை நிறுத்திட்டு வேலை பாருங்க. இந்த ஃபேன்ல எலக்ட்ரானிக் போர்டு இருக்கு, பிளஸ் மைனஸ் மாறுனா போர்டு போயிரும்.

சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவுல ஃபோம் இருக்கும், அதுக்குள்ள வயர் இழுக்க கெட்டிக் கம்பி ஒண்ணை முதல்ல வென்ட் பக்கம் இருந்து லைட் ஓட்டைக்குத் தள்ளி, அதுல வயரைக் கட்டி இழுத்தோம். குறுக்க மரச்சட்டம் வந்தா நிக்கும், அப்போ வேற லைட் பக்கம் முயற்சி பண்ணணும். 14 கேஜ் வயர், லைட்ல இருந்து பிரியற இடத்துலயே ஃபேனுக்குத் தனியா ஒரு 5 ஆம்ப் ஃபியூஸ் போட்டோம், உங்க ஃபேனுக்கு எவ்ளோ ஃபியூஸ்னு கூட வர்ற புக்ல இருக்கும், அதைத்தான் பின்பத்தணும். ஜாயின்ட்டுக்கு கிரிம்ப் பண்ற கனெக்டர் போடுங்க, வெறுமனே முறுக்கி டேப் சுத்துறது வீட்டுக்கே ஆகாது, குலுங்கிக்கிட்டே ஓடற வண்டியில சுத்தமா ஆகாது.

மேல உக்கார வைக்கறது

மேக்ஸ்ஃபேன்ல முதல்ல ஃபிளாஞ்ச்னு ஓட்டையைச் சுத்தி வர்ற ஒரு பிளாஸ்டிக் சட்டத்தை கூரையில பதிக்கணும், அது மேல ஃபேன் வந்து உக்காரும், பக்கத்துல நாலு ஸ்க்ரூ. ஃபிளாஞ்ச்ல எந்தப் பக்கம் வண்டியோட முன்பக்கம்னு பாத்து வைங்க. மூடியோட திறப்பு வண்டியோட பின்பக்கம் பாத்த மாதிரிதான் இருக்கணும், ஓடும்போது வர்ற காத்து நேரா உள்ள புகுந்து தூக்கக் கூடாது. பழைய மாதிரி கீல் வச்ச மூடின்னா கீல் முன்பக்கம் வரணும், அதே காரணம்தான்.

ஃபிளாஞ்ச்சோட அடியில சுத்தி பியூட்டைல் டேப். புட்டி டேப் இல்ல, பியூட்டைல்தான், ரெண்டும் பக்கத்து பக்கத்துல விக்கும், பாக்கவும் ஒரே மாதிரி இருக்கும். பியூட்டைல் சீக்கிரம் காயாது, இழுத்தா இழுபடும். டேப்போட ரெண்டு நுனியும் சேர்ற இடத்தை முன்பக்கம் வைக்காம பின்பக்கம் வச்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி விட்டோம். பழைய கூரை சமமா இருக்காது, பள்ளமான மூலையில ரெண்டு அடுக்கு போட்டோம். அப்புறம் ஸ்க்ரூ, ஸ்டெயின்லெஸ்தான், முதல்ல சின்னதா துளை போட்டுட்டு, கையால எதிர் எதிர் மூலையா கொஞ்சம் கொஞ்சமா முடுக்கணும். டிரில் மெஷினை வச்சு ஒரே தம்ல முடுக்குனா பிளாஸ்டிக் வளைஞ்சு, ஸ்க்ரூ இருக்கற இடம் அமுங்கி நடுவுல தூக்கி நிக்கும், தண்ணிக்கு அது போதும்.

அன்னைக்கே சீலன்ட் போட்டு முடிக்கணும்னு அவசரப்படல, மழை வராதுன்னு பாத்துட்டு ஒரு நாள் வெயில்ல விட்டோம். சூட்டுல பியூட்டைல் இளகி சுத்தி பிதுங்கி வந்துச்சு, மறுநாள் காலையில ஸ்க்ரூ எல்லாம் இன்னும் கால் சுத்து போச்சு. பிதுங்குனதை பிளாஸ்டிக் கத்தியால நறுக்கி எடுத்துட்டு, அப்புறம்தான் டைகார். ஃபிளாஞ்ச் ஓரம் முழுக்க பாதி கூரை மேல பாதி ஃபிளாஞ்ச் மேல வர்ற மாதிரி ஊத்தணும், ஒவ்வொரு ஸ்க்ரூ தலைக்கு மேலயும் ஒரு சொட்டு தாராளமா. தானா பரவி சமமாயிரும், கையால தேய்க்க வேண்டாம். கூரை சரிஞ்சு இருக்கற பக்கத்துல இது வழிஞ்சு ஓடும், அங்க வழியாத ரகம்னு தனியா விக்கறாங்க, அதை வாங்கிக்கணும். ஒரு டியூப் பத்தும் பத்தாம இருக்கும், ரெண்டா வாங்கி வச்சுக்குங்க, மேல உக்காந்திருக்கும்போது தீந்துட்டா எரிச்சலா இருக்கும். மேல் தோல் சீக்கிரம் கட்டிரும், உள்ள முழுசா இறுக வாரக்கணக்கு ஆகும்.

ஃபேனை உக்கார வச்சதும் உள்பக்க பிரேமை மாட்டாதீங்க. முதல்ல ஹோஸ் பைப்பை வச்சு தண்ணி விடுங்க, பிரஷர் வச்சு அடிக்காம மழை மாதிரி, தாழ்வான பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு மேல வரைக்கும். மாமா உள்ள டார்ச் அடிச்சு சட்டத்தோட நாலு பக்கமும் விரல் வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தார், வீட்டுக்காரி பக்கத்துலயே பேப்பர் டவலை வச்சு ஒத்தி ஒத்திப் பாத்தா, காஞ்சே இருந்துச்சு. அப்பவும் பிரேமை மாட்டல, நிஜ மழை ஒண்ணு பெஞ்சு முடிஞ்சதும் இன்னொரு தடவை பாத்துட்டுதான் மாட்டினோம். பிரேம் மாட்டிட்டா அப்புறம் மரம் நனையறது கண்ணுக்கே தெரியாது.

ஃபேனை ஓட்டும்போது

ஃபேன் போட்டா ஜில்லுன்னு ஆகும்னு எதிர்பாக்காதீங்க, வெளிய இருக்கற சூட்டுக்குக் கீழ அதால கொண்டு போக முடியாது. பாலைவனத்துல ராத்திரி வெளிய குளிரும், அங்க இது பிரமாதம், பொழுது சாஞ்சதும் முழு ஸ்பீடுல வெளிய தள்ளிட்டு, உள்ள சூடு இறங்குனதும் ரெண்டு மூணு ஸ்பீடுல விட்டா விடியற வரைக்கும் போர்வை வேணும். கால்வெஸ்டன் மாதிரி கடலோரத்துல கோடை ராத்திரியில வெளியவே புழுக்கம், அங்க காத்தோட்டம் மட்டும்தான் கிடைக்கும், கரன்ட் இருக்கற இடத்துல ஏசி போட்டுக்கறதுதான் நல்லது.

எல்லா ஜன்னலையும் திறக்காதீங்க. ஃபேனுக்குத் தூரமா, நிழல் பக்கமா ஒரு ஜன்னல், இல்ல ரெண்டு, அவ்ளோதான். அப்போதான் அந்த ஜன்னல் வழியா காத்து வேகமா வரும், படுக்கற இடத்துக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வச்சா நேரா மேல படும். மேற்கு டெக்சஸ்ல புழுதி நாள்ல உள்ள இழுக்கற பக்கம் போடாதீங்க, மெத்தை எல்லாம் மண்ணாயிரும். பேட்டரி கணக்கு பாத்தா, நடு ஸ்பீடுல ஒண்ணரை ஆம்ப்னு வச்சாலும் எட்டு மணி நேரத்துக்கு 12 ஆம்ப் அவர்தான், ஒரு சோலார் பேனல் இருந்தா மறுநாள் பகல்ல ஏறிரும்.

ஜன்னல் ஒண்ணுகூட திறக்காம இந்த ஃபேனை ஓட்டவே கூடாது, இதை வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க. இது சின்ன ஃபேன் இல்ல, காத்து கிடைக்கலன்னா கிடைக்கற சந்து வழியா எல்லாம் இழுக்கும். அப்போ டாய்லெட் ஃபிளஷ் பண்ணா டேங்க் நாத்தம் மேல வரும், அது கூட பரவாயில்ல. கேஸ்ல ஓடற ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டரோட புகை உள்ள வர்றதுக்கும், பக்கத்துல யாராவது ஜெனரேட்டர் ஓட்டுனா அந்தப் புகை வர்றதுக்கும் வழி இருக்கு, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துல தெரியாது. பழைய வண்டியில அதுக்கான அலாரம் இல்லாமலே இருக்கலாம், இருந்தாலும் காலாவதி ஆயிருக்கும், பின்னாடி தேதி போட்டிருக்கும் பாருங்க. எங்க வண்டியில ஃபேன் மாட்டுன கையோட புது அலாரம் வாங்கி பெட் பக்கத்துல மாட்டிட்டோம். ஃபேன் வாங்கற காசுல அதுக்கும் சேத்து எடுத்து வைங்க.

சமையலுக்கு இப்போ அடுப்பைப் பத்த வைக்கறதுக்கு முன்னாடியே அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டுடறோம், புகை வந்ததுக்கு அப்புறம் போட்டா வண்டி முழுக்க சுத்திட்டுத்தான் வெளிய போகும். ரொம்ப வேகமா வச்சா அடுப்புத் தீ ஆடும், நாலு அஞ்சு ஸ்பீடு போதும். வத்தல் மிளகாய் வாசம் வருது, நெடி ஏறல, அலாரமும் கத்தல. எண்ணெய்ப் புகை போறதால ஃபேனுக்கு அடியில இருக்கற கொசுவலை பிசுபிசுன்னு ஆகும், அது மேல தூசி ஒட்டுனா காத்து பாதியாயிரும். வலையைக் கழட்டி பாத்திரம் கழுவற சோப்பு போட்டு வெந்நீர்ல கழுவி, நல்லா காய வச்சு மாட்டுனா போதும். கூரையில சீலன்ட்டை வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ஏறிப் பாருங்க, கோடைக்கு முன்னாடி ஒண்ணு, குளிருக்கு முன்னாடி ஒண்ணு. முடி அளவு வெடிப்பு தெரிஞ்சா அந்த இடத்தைத் துடைச்சுட்டு மேலயே அதே டைகாரை ஊத்தலாம், சுரண்ட வேண்டியதில்ல.